விடை ஒத்துவரவில்லையா? தப்பான விடையை வைத்தே தப்பைப் பிடிக்கலாம்

"சார், புக்குல 24னு போட்டிருக்கு. எனக்கு 23தான் வருது."

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கணக்கு சொல்லிக்கொடுக்கும் யாரும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் ஒரு வாரத்தைத் தள்ள முடியாது. சொன்ன கையோடு பிள்ளை ரப்பரை எடுத்து மொத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும். அதே வழியில் போய் அதே 23இல் வந்து நிற்கும்.

நான் அழிக்க விடுவதில்லை. நல்ல மெக்கானிக் வண்டியைப் பிரிப்பதற்கு முன் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து சத்தத்தைக் கேட்பார். தப்பான விடையும் ஒரு சத்தம் போடும். எவ்வளவு தவறியது, கூடிப்போனதா குறைந்துபோனதா, பின்னமாக வந்ததா, இரண்டு விடையாக வந்ததா என்று பார்த்தாலே எந்த வரியில் கை வைக்க வேண்டும் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். கூட்டுத் தொடர்வரிசையிலும் (ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு கூடியோ குறைந்தோ போகும் எண்வரிசை) சாதாரணச் சமன்பாடுகளிலும் நான் அடிக்கடி கேட்கும் சத்தங்களைக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் நோட்டில் என்ன வந்திருக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

பாடப்புத்தகத்தில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். இங்கே தமிழ் எழுத்துகளையே வைத்துக்கொள்கிறேன். முதல் உறுப்பு மு, பொது வித்தியாசம் வி, உறுப்புகளின் எண்ணிக்கை எ, கடைசி உறுப்பு க, கூடுதல் கூ. சமன்பாடுகளில் அறியாத எண் அ. தேவையான சூத்திரங்கள் இரண்டே இரண்டு:

க = மு + (எ − 1) × வி
கூ = (எ ÷ 2) × (மு + க)

கடைசி உறுப்பு தெரியாவிட்டால், இரண்டாவதில் க இருக்கும் இடத்தில் முதலாவதைத் தூக்கிப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவதாக ஒரு நீளமான சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்பது என் கட்சி. இலங்கையில் படித்தவர்கள் இதையே கூட்டல் விருத்தி என்பார்கள்.

கிட்டத்தட்ட சரி, கொஞ்சம்தான் தவறுகிறது

நான் பார்த்த தப்புகளில் பாதி இந்தத் தலைப்புக்குள் அடங்கிவிடும். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மேலே அந்தப் பையன் போட்ட கணக்கு இது: 7, 11, 15, ... , 99 என்ற வரிசையில் எத்தனை உறுப்புகள்? 99இல் 7 போனால் 92. அதை 4ஆல் வகுத்தால் 23. அவன் அங்கேயே நின்றுவிட்டான். ஆனால் அந்த 23 தாவல்களின் எண்ணிக்கை, உறுப்புகளின் எண்ணிக்கை அல்ல. 7இலிருந்து 99க்குப் போக நான்கு நான்காக 23 முறை தாவ வேண்டும். தாவி இறங்கிய இடங்கள் 23, கிளம்பிய இடம் 1, ஆக 24.

தோட்டத்துக்கு வேலி போட்டவர்களுக்கு இது கைவந்த விஷயம். 100 அடி நீளம், 10 அடிக்கு ஒரு கல் என்றால் 10 கல்லோடு வந்தவர் மறுபடி வண்டி கட்ட வேண்டியதுதான். இடைவெளி 10, கல் 11. விடுமுறை எண்ணும்போதும் இதே கதை: 5ஆம் தேதியிலிருந்து 20ஆம் தேதி முடிய லீவு என்றால் 15 நாள் அல்ல, 16 நாள்.

இந்தத் தப்பு விடையில் வேறு வேறு உருவங்களில் வரும். எது வந்திருக்கிறது என்று கழித்துப் பாருங்கள்.

எண்ணிக்கை கேட்டு, விடை 1 குறைந்தால்: கடைசியில் 1 கூட்ட மறந்துவிட்டீர்கள்.

உறுப்பு கேட்டு, விடை சரியாக ஒரு பொது வித்தியாசம் கூடியிருந்தால்: எ − 1 இருக்க வேண்டிய இடத்தில் எ போட்டிருக்கிறீர்கள். இதே வரிசையில் 20ஆவது உறுப்பு 7 + 19 × 4 = 83. உங்களுக்கு 87 வந்திருந்தால், கூடுதலாக இருக்கும் அந்த 4தான் வி.

கூடுதல் கேட்டு, விடை ஒரு சராசரி அளவு தவறினால்: எண்ணிக்கையில் ஒன்று பிசகிவிட்டது. 24 உறுப்புகளுக்குக் கூடுதல் 12 × 106 = 1272. எ-க்கு 23 போட்டவருக்கு 1219 வரும். வித்தியாசம் 53. முதல் உறுப்புக்கும் கடைசி உறுப்புக்கும் நடுவில் இருக்கும் எண் அதே 53தான். இதைக் கரும்பலகையில் காட்டும்போது பிள்ளைகள் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வரும். எனக்குப் பிடித்த நிமிடம் அது.

இன்னொரு உருவமும் உண்டு. "7ஆவது உறுப்பு 30, 13ஆவது உறுப்பு 54. வரிசையைக் காண்க." உறுப்புகள் 24 கூடியிருக்கின்றன. அதை எதால் வகுப்பது? சிலர் 7ஆல் வகுப்பார்கள், சிலர் இரண்டு முனையையும் விரல் விட்டு எண்ணி 7, 8, 9, 10, 11, 12, 13 என்று அப்போதும் 7 என்பார்கள். 7ஆவதிலிருந்து 13ஆவதுக்குத் தாவல் 6தான். வி = 4, மு = 30 − 24 = 6. வி பின்னமாக வந்து முகம் சுளிக்க வைத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த இடம்.

எப்போது 1 கூட்டுவது, எப்போது கழிப்பது என்று குழம்பினால், சூத்திரத்தை விட்டுவிட்டு 7, 11, 15 என்று மூன்றே உறுப்பில் செய்து பாருங்கள். மூன்றை விரலிலேயே எண்ணிவிடலாம். அங்கே சரியாக வரும் வழிதான் 300 உறுப்புக்கும் சரி.

கோலத்தில் புள்ளி மிஞ்சுகிறது

மார்கழியில் வீட்டுக்கு வீடு நடக்கும் கூட்டுத்தொடர் இது. 15 புள்ளி, இடுக்குப் புள்ளி, 8 வரை. நடுவரிசையில் 15, அதற்கு மேலும் கீழும் 14, 13 என்று குறைந்துகொண்டே போய் 8இல் நிற்கும். மொத்தம் எத்தனை புள்ளி?

8 முதல் 15 வரை 8 வரிசைகள்: 4 × 23 = 92. இதை இரண்டால் பெருக்கி 184 என்று சொல்பவர்கள்தான் அதிகம். எண்ணிப் பார்த்தால் 169தான் இருக்கும். மிஞ்சுவது 15. அது எந்த எண் என்று கவனியுங்கள்: நடுவரிசை. இரண்டு பாதியிலும் அதைச் சேர்த்துவிட்டீர்கள். ஒரு பக்கம் 8 முதல் 15 (92), மறுபக்கம் 8 முதல் 14 (77), ஆக 169.

அதே 15 புள்ளியை நேர்ப்புள்ளியாக 1 வரை வைத்தால் ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டிரண்டாகக் குறையும், வி = 2. அப்போது மேல்பாதியில் 1 + 3 + ... + 13 = 49, கீழ்ப்பாதியில் 49, நடுவில் 15, ஆக 113. நேரா இடுக்கா என்று கேட்காமல் புள்ளிக் கணக்கு போடக்கூடாது. வி என்ன என்று பார்க்காமல் சூத்திரத்தில் இறங்குவதும் அதே மாதிரிதான். 1, 4, 9, 16 என்று ஒரு வரிசையைப் பார்த்ததும் வி = 3 என்று எழுதிவிடுகிறார்கள். அடுத்த தாவல் 5, அதற்கடுத்தது 7. இது கூட்டுத் தொடர்வரிசையே அல்ல. குறைந்தது இரண்டு தாவல்களைப் பார்த்துவிட்டு வி-யை எழுதுங்கள்.

எண்ணிக்கை பின்னமாக வருகிறது

எ என்பது 1, 2, 3 என்று எண்ணும் எண். அது 28.857 என்று வந்தால் கணக்கு உங்களிடம் ஏதோ சொல்ல வருகிறது. உருட்டி 29 என்று எழுதி வாயை அடைத்துவிடாதீர்கள்.

ஒரு வேளை அதுவே விடையாக இருக்கலாம். "5, 12, 19, ... என்ற வரிசையில் 200 ஓர் உறுப்பா?" 195ஐ 7ஆல் வகுத்தால் மீதி 6 வருகிறது, ஆகவே 200 அந்த வரிசையில் இல்லை. பின்னம்தான் அதற்குச் சாட்சி. இதை எழுதத் தெரியாமல் 29ஆவது உறுப்பு என்று எழுதி மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

கேள்வி அப்படி இல்லாவிட்டால், முனைகளைச் சந்தேகப்படுங்கள். "100க்கும் 500க்கும் இடையில் 9ஆல் வகுபடும் எண்கள் எத்தனை?" அவசரக்காரர்கள் மு = 100, க = 500 என்று போட்டுவிடுவார்கள். 400ஐ 9ஆல் வகுத்து 1 கூட்டினால் 45.44. சரி, 45 என்று எழுதிவிட்டுப் போவார்கள். ஆனால் 100உம் 9ஆல் வகுபடாது, 500உம் வகுபடாது. உண்மையான முதல் உறுப்பு 108, கடைசி உறுப்பு 495. (495 − 108) ÷ 9 = 43, ஒன்றைக் கூட்டினால் 44. உருட்டினால் தப்பு விடைதான் கிடைத்திருக்கும். கூடுதல் கேட்டிருந்தால் 22 × 603 = 13266.

கூடுதல் அரையாக வருகிறது

முழு எண்களைக் கூட்டினால் முழு எண்தான் வரும். சந்தேகமே வேண்டாம். கூடுதல் 637.5 என்று வந்தால் எங்கோ தப்பு நிச்சயம்.

எ ஒற்றைப்படையாக இருக்கும்போது எ ÷ 2 என்பது 21.5 மாதிரி வந்து பயமுறுத்தும். பயப்பட வேண்டாம். எ ஒற்றைப்படை என்றால் தாவல்கள் இரட்டைப்படை. அதனால் முதல் உறுப்புக்கும் கடைசி உறுப்புக்கும் உள்ள தூரமும் இரட்டைப்படை. அப்படியானால் மு + க கட்டாயம் இரட்டைப்படை. முதலில் அதைப் பாதியாக்கிவிட்டு எ-யால் பெருக்குங்கள், பாதி என்ற தொல்லையே இருக்காது. எ ஒற்றைப்படையாக இருந்து மு + க-வும் ஒற்றைப்படையாக வந்தால், எண்ணிக்கையோ கடைசி உறுப்போ தப்பு. பரீட்சை அறையில் பத்து விநாடியில் செய்துவிடக்கூடிய சோதனை இது.

காஸ் என்ற ஜெர்மானியர் சிறுவயதில் 1 முதல் 100 வரை நொடியில் கூட்டி 5050 என்று சொன்ன கதையைக் கேட்டிருப்பீர்கள். முதலையும் கடைசியையும் சேர்த்து 101, அப்படி 50 ஜோடி. கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் ஒரு பக்கவிளைவும் உண்டு: உறுப்புகள் ஒற்றைப்படையாக இருந்தால் ஜோடி சேராமல் நடுவில் ஒன்று தனியே நிற்குமே, அதை என்ன செய்வது என்று கேட்பார்கள். அந்த நடு உறுப்புதான் சராசரி. அதை எ-யால் பெருக்கினால் முடிந்தது. 49 பசுக்கள், முதல் பசு 1 படி, இரண்டாவது 2 படி, இப்படியே 49ஆவது பசு 49 படி பால் கறந்தால் மொத்தம் எவ்வளவு? நடுப்பசு 25ஆவது. 25 × 49 = 1225 படி.

இரண்டு விடை வருகிறது, எதை எழுதுவது?

கூடுதலைக் கொடுத்து எண்ணிக்கையைக் கேட்டால் இருபடிச் சமன்பாடு வரும். இருபடி என்றால் இரண்டு மூலங்கள். ஒன்றை அடித்துவிட வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எதை, ஏன் என்று சொல்லவில்லை.

3 + 7 + 11 + ... = 210 என்றால் எ × (2எ + 1) = 210 என்று வரும். மூலங்கள் 10, −10.5. மைனஸ் பத்தரை உறுப்புகள் இருக்க முடியாது, அடித்துவிடலாம்.

அப்புறம் 20 + 18 + 16 + ... = 108 என்று ஒரு கணக்கு. எ × (21 − எ) = 108. மூலங்கள் 9, 12. இரண்டும் எண்ணும் எண்களே. பிள்ளைகள் இங்கே பெரியதை அடிப்பார்கள், அல்லது சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். எதையும் அடிக்கக்கூடாது. 9 உறுப்புகள் முடிந்ததும் அடுத்து வருபவை 2, 0, −2. மூன்றும் சேர்ந்து பூஜ்யம். 9 உறுப்புகளின் கூடுதலும் 12 உறுப்புகளின் கூடுதலும் ஒன்றேதான். இறங்கிக்கொண்டே போகும் வரிசை பூஜ்யத்தைத் தாண்டிப் போனால் இப்படி நடக்கும். இரண்டையும் எழுதி, ஏன் என்று ஒரு வரி சேருங்கள்.

கூடுதலிலிருந்து எண்ணிக்கை காணும் விதி புதிதல்ல. கி.பி. 499 வாக்கில் ஆர்யபடர் தம் நூலின் கணிதப் பகுதியில் வர்க்கமூலம் எடுத்து அதைக் காணும் வழியை ஒரே செய்யுளில் அடக்கியிருக்கிறார். அதற்கு முந்தைய செய்யுளில் முதலையும் கடைசியையும் கூட்டி எண்ணிக்கையின் பாதியால் பெருக்கும் வழியும் இருக்கிறது.

வரிசை இறங்குகிறது, விடை ஏறுகிறது

100, 93, 86, ... 15ஆவது உறுப்பு 198 என்று வந்தால் வி-யின் குறியை விட்டுவிட்டீர்கள். பின்னதில் முன்னதைக் கழிக்க வேண்டும்: 93 − 100 = −7. விடை 2. அவ்வளவுதான்.

கூடுதலுக்கான கோவை கொடுத்தால் உறுப்புகள் ஏடாகூடமாக வருகின்றன

"எ உறுப்புகளின் கூடுதல் 3எ² + 5எ. தொடர்வரிசையைக் காண்க." எ = 1 போட்டால் 8. எ = 2 போட்டால் 22. உடனே 8, 22 என்று எழுதி வி = 14 என்கிறார்கள். 22 என்பது இரண்டாவது உறுப்பு அல்ல. முதல் இரண்டும் சேர்ந்த கூட்டு. இரண்டாவது உறுப்பு 22 − 8 = 14, வி = 6. வரிசை 8, 14, 20, ... இந்த முறையில் வந்த வி, எ²-க்கு முன் இருக்கும் எண்ணைப் போல இரண்டு மடங்காக இருக்கிறதா என்று பாருங்கள்: 3இன் இரட்டிப்பு 6. இருந்தால் நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போகலாம்.

கோவையில் தனியாக ஓர் எண் ஒட்டிக்கொண்டிருந்தால் உஷார். எ² + 1 என்று கொடுத்தால் கூடுதல்கள் 2, 5, 10, 17; உறுப்புகள் 2, 3, 5, 7. முதல் தாவல் 1, மற்றவை 2. முதல் உறுப்பு வரிசையில் சேராமல் தனியே நிற்கிறது.

தெரியாதவை அதிகமாகிச் சிக்கிக்கொள்கிறது

லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு பாப்பிரஸ் சுருள் இருக்கிறது. சுமார் கி.மு. 1550இல் ஆமெஸ் என்ற எகிப்திய எழுத்தர் படியெடுத்தது. அதில் 40ஆவது கணக்கு இது: 100 ரொட்டிகளை 5 பேருக்குக் கூட்டுத் தொடர்வரிசையில் பிரிக்க வேண்டும். அதிகம் பெறும் மூவரின் பங்கில் ஏழில் ஒரு பாகம், குறைவாகப் பெறும் இருவரின் பங்குக்குச் சமம். யாருக்கு எவ்வளவு?

மு, மு + வி, மு + 2வி என்று தொடங்கினால் முடியாது என்றில்லை, ஆனால் ஒரு பக்கம் நிரம்பிவிடும். நடுவிலிருந்து தொடங்குங்கள். ஐந்து பேருக்கு 100 என்றால் நடு ஆளுக்கு 20. அந்த நொடியிலேயே ஓர் அறியாத எண் ஒழிந்தது. பங்குகள் 20 − 2வி, 20 − வி, 20, 20 + வி, 20 + 2வி. குறைந்த இருவருக்கு 40 − 3வி, மற்ற மூவருக்கு 60 + 3வி. ஆகவே 60 + 3வி = 7 × (40 − 3வி). வலப்பக்கம் 280 − 21வி. 24வி = 220, வி = 9 1/6. பங்குகள் 1 2/3, 10 5/6, 20, 29 1/6, 38 1/3. கூட்டிப் பாருங்கள், 100.

மூன்று, ஐந்து உறுப்புகளுக்கு இந்த வழி சுகம். நான்கு உறுப்புகள் என்றால் நடுவில் யாரும் இல்லாததால், சராசரியை ம என்று எடுத்துக்கொண்டு ம − 3வி, ம − வி, ம + வி, ம + 3வி என்று வைப்பார்கள். இங்கே ஒரு பொறி. அடுத்தடுத்த உறுப்புகளுக்கு இடையே உள்ள தூரம் 2வி. கடைசியில் வி = 3 என்று கண்டுபிடித்துவிட்டு "பொது வித்தியாசம் 3" என்று எழுதுகிறார்கள்; அது 6. உங்கள் வித்தியாசம் புத்தக விடையில் சரிபாதியாக இருந்தால் காரணம் இதுதான்.

சூத்திரம் சரி, போட்ட எண்களும் சரி, ஆனாலும் தப்பு

அப்படியென்றால் நோய் தொடரில் இல்லை, சமன்பாட்டைத் தீர்க்கும் இடத்தில் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் ஒட்டிக்கொண்ட பழக்கங்கள் பத்தாம் வகுப்பில் வந்து கடிக்கும்.

முதல் சந்தேகம், அடைப்புக்குறிக்கு முன் நிற்கும் மைனஸ். 5 − 2(அ − 3) = 1 என்பதை எடுத்துக்கொள்வோம். சரியான விடை 5. உங்களுக்கு −1 வந்திருந்தால், உள்ளே போன மைனஸ் அ-வை மட்டும் மாற்றிவிட்டு 3ஐ மறந்துவிட்டது; 5 − 2அ − 6 என்று எழுதியிருப்பீர்கள். அது 5 − 2அ + 6. உங்களுக்கு 10/3 வந்திருந்தால், முதலில் 5இலிருந்து 2ஐக் கழித்து 3(அ − 3) என்று ஆக்கிவிட்டீர்கள். ஒரே கணக்கு, இரண்டு தப்பு, இரண்டுக்கும் வேறு வேறு சத்தம்.

இரண்டாவது சந்தேகம், "அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்ற மந்திரம். −3அ = 12 என்றால் அ = 4 என்று எழுதுகிறார்கள்; கேட்டால், "3 அந்தப் பக்கம் போச்சு, குறி மாறிச்சு." ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் அல்-குவாரிஸ்மி "அல்-ஜபர்" என்று பேர் சொன்னது கழிக்கப்பட்டதை இரு பக்கமும் கூட்டிச் சரிசெய்வதைத்தான். அல்ஜீப்ரா என்ற பெயரே அதிலிருந்து வந்தது. எதுவும் எல்லை தாண்டிக் குதிக்கவில்லை. இரண்டு தட்டிலும் ஒரே வேலை நடக்கிறது, தராசு சாயவில்லை, அவ்வளவே. −3அ = 12 என்பதில் இரண்டு பக்கத்தையும் −3ஆல் வகுத்தால் அ = −4. மந்திரத்தை முழுசாக விடச் சொல்லவில்லை, வேகத்துக்கு அது வேண்டும். தப்பு வந்தால் மட்டும் மந்திரத்தை வைத்துவிட்டு, "இரு பக்கமும் என்ன செய்தேன்?" என்று ஓரத்தில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் அந்த வரிதான் குற்றவாளி.

பின்னம் உள்ள சமன்பாட்டில் விடை சம்பந்தமில்லாமல் சிறுத்துப்போனால், வலப்பக்கத்தைப் பெருக்க மறந்திருக்கிறீர்கள். அ/3 + அ/4 = 7. எல்லாவற்றையும் 12ஆல் பெருக்கினால் 4அ + 3அ = 84, அ = 12. வலப்பக்கம் 7ஆகவே நின்றால் அ = 1 என்று வரும். பன்னிரண்டில் ஒரு பங்கு, பன்னிரண்டால் பெருக்கவில்லை.

அ² = 5அ என்றால் இரு பக்கமும் அ-வை அடித்து அ = 5 என்பார்கள். பூஜ்யமும் விடை, அடித்தபோது அதையும் சேர்த்து அடித்துவிட்டார்கள். 5அ-வை இந்தப் பக்கம் கொண்டுவந்து அ(அ − 5) = 0 என்று எழுதுங்கள். விடைகளில் ஒன்று காணாமல் போனால், எங்கே மாறியால் வகுத்தீர்கள் என்று தேடுங்கள்.

எல்லாம் அடிபட்டு 0 = 0 என்று நின்றால் நீங்கள் தப்புச் செய்யவில்லை, எந்த எண்ணும் பொருந்தும். 0 = 5 என்று நின்றால் எந்த எண்ணும் பொருந்தாது. இரண்டையும் "தப்பு வந்துவிட்டது" என்று அழிப்பவர்கள் உண்டு.

அப்புறம் ஒரு பழக்கம். 12 × 4 + 7ஐக் கணக்கிடும்போது "12 × 4 = 48 + 7 = 55" என்று ரயில்பெட்டி மாதிரிக் கோர்த்துவிடுவது. விடை சரி, வரி பொய். 12 × 4 என்றைக்கும் 55 ஆகாது. சமக்குறியை 1557இல் அச்சில் கொண்டுவந்தவர் ராபர்ட் ரெக்கார்ட் என்ற வேல்ஸ்காரர். ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான பொருள் வேறில்லை என்பது அவர் சொன்ன காரணம். அதை "அப்புறம்" என்ற சொல்லுக்குப் பதிலாகப் பயன்படுத்தினால், நீளமான கணக்கில் எந்தப் பக்கம் எதற்குச் சமம் என்பது உங்களுக்கே மறந்துபோகும். ஒரு வரிக்கு ஒரு சமக்குறி போதும்.

வட்டிக் கணக்கு ஒத்துவரவில்லை

இது பரீட்சைக்கு வெளியே வரும் தொல்லை. 60,000 ரூபாய் கடன், ஒரு ரூபாய் வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் 1 ரூபாய். மாதம் 5,000 அசலும் அந்த மாத வட்டியும் கட்டி 12 மாதத்தில் முடிக்க வேண்டும். கொடுத்தவர் வட்டி மொத்தம் 7,200 என்கிறார். நீங்கள் போட்டால் 3,900 வருகிறது. யார் கணக்கு தப்பு?

அவர் 60,000க்கு மாதம் 600 என்று 12 மாதமும் வாங்குகிறார். நீங்கள் மீதி அசலுக்கு மட்டும் போடுகிறீர்கள்: முதல் மாதம் 600, அடுத்து 550, பிறகு 500, கடைசி மாதம் 50. மு = 600, வி = −50, எ = 12. கூ = 6 × 650 = 3,900. இரண்டு பேர் கூட்டலும் சரி, பேச்சில்தான் இடைவெளி. "குறையும் அசலுக்கா, முழு அசலுக்கா?" என்று கடன் வாங்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி அது. விலை 3,300 ரூபாய்.

வேடிக்கையாக ஒன்று: இந்தத் தொடரைக் கவனக்குறைவாகப் பூஜ்யம் வரை நீட்டி 13 உறுப்புகள் என்று போட்டாலும் 13 × 300 = 3,900தான் வரும். தப்பு செய்தும் தப்பித்துக்கொள்ளும் ஒரே இடம் இது, பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

வங்கியில் மாதாமாதம் ஒரே தொகை கட்டும் தவணைக்கு இந்த வழி செல்லாது. அங்கே வட்டிப் பங்கு குறைந்தாலும் ஒவ்வொரு மாதமும் ஒரே அளவு குறைவதில்லை. கூட்டுத் தொடரே அல்ல என்பதால் இந்தச் சூத்திரத்தைப் போட்டுவிட்டு வங்கியோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

எத்தனை முறை போட்டாலும் புத்தக விடை வரவில்லை

புத்தகத்தின் பின்பக்கத்திலும் அச்சுப்பிழை இருக்கும். ஆனால் அப்படிச் சொல்வதற்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். உங்கள் விடையைக் கேள்வியிலேயே திருப்பிப் போட்டுப் பாருங்கள். சமன்பாட்டைச் சுருக்கிய வரியில் அல்ல, கேள்வியில் கொடுத்திருக்கும் முதல் வரியில். பிறகு புத்தக விடையையும் அதே இடத்தில் போட்டுப் பாருங்கள். உங்களுடையது பொருந்தி, அவர்களுடையது பொருந்தாவிட்டால் பக்க ஓரத்தில் பென்சிலால் திருத்திவிடலாம்.

24 என்ற விடையைச் சந்தேகப்பட்ட பையனும் இதைச் செய்தான். 7இலிருந்து நான்கு நான்காகக் கூட்டி, 7, 11, 15 என்று விரல் மடக்கிக்கொண்டே போனான். 95இல் 23ஆவது விரல். 99 இன்னும் பாக்கி.